ஏற்காட்டில் குடியேறியவர்கள் பருவம் மாறுவதைக் கணிப்பது எப்படி

சேலம், ஈரோடு பக்கமிருந்து ஏற்காட்டுக்கு வீடு மாற்றி வருபவர்கள் முதலில் வாங்குவது கம்பளியும் ஹீட்டரும். முதலில் வாங்க வேண்டியது ஓர் ஈரமானி. கீழே வருடத்தைப் பிரிப்பது வெயில். மேலே பிரிப்பது ஈரம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் மேலே ஏறக்குறைய எட்டு டிகிரி குறைவு. அக்னி நட்சத்திரத்தில்கூடப் பகல் வெப்பம் 30-ஐ ஒட்டியே நிற்கும். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மாசிக்கும் ஆவணிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மாசியில் அரை நாளில் காயும் துண்டு, ஆவணியில் இரண்டு நாள் கொடியில் தொங்கினாலும் ஈரவாடை போகாது.

கடையில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி போதும். ஆனால் வாங்கியவுடன் அதை நம்பக் கூடாது. ஐந்து, பத்து புள்ளி தவறாகக் காட்டுவது சாதாரணம். சோதிக்கும் முறை எளிது. ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சேறுபோலக் குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்று புகாத டப்பாவிலோ ஜிப் கவரிலோ வைத்து, உப்பு கருவியில் படாமல் பார்த்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75%-க்கு வந்து நிற்கும். கருவி 69 காட்டினால், இனி எப்போது பார்த்தாலும் ஆறு கூட்டிக்கொள்ளுங்கள். கல் உப்பில் இந்தச் சோதனை சரிவராது. அதில் மெக்னீசிய உப்பு கலந்திருப்பதால் 75-க்கு முன்பே கசிய ஆரம்பித்துவிடும். அதே காரணத்தால், அடுப்படியில் மூடாத கல் உப்பு ஜாடி ஓர் எச்சரிக்கை மணி. அது கசியத் தொடங்கிய வாரத்தில்தான் மரக்கதவுகள் உப்பிச் சட்டத்தில் இறுகும், தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைக்க வேண்டியதும் அந்த வாரம்தான்.

சேலத்தைப் பார்த்து ஏற்காட்டு மூடுபனியைக் கணிப்பது

ஏற்காட்டில் பகலில் வரும் மூடுபனி பெரும்பாலும் கீழிருந்து ஏறிவந்த மேகம். அதனால் அது வருமா என்பதை அடிவாரத்து எண்களை வைத்தே சொல்லிவிடலாம். போனில் சேலத்தின் வானிலையைத் திறந்து வெப்பநிலையையும் டியூ பாயிண்ட் என்று காட்டுவதையும் பாருங்கள். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகுமோ அதுதான் டியூ பாயிண்ட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், சேலத்துத் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடிப்பகுதி இருக்கும் என்று கிடைக்கும்.

உதாரணமாக, சேலத்தில் பிற்பகல் 32 டிகிரி, டியூ பாயிண்ட் 22. வித்தியாசம் 10, மேகத்தின் அடி 1,250 மீட்டர். சேலத்தின் 280-ஐக் கூட்டினால் 1,530. ஏரிக்கரை மேகத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். 1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் சேர்வராயன் கோயில் மேகத்துக்குள் போயிருக்கும். வித்தியாசம் எட்டுக்கு இறங்கினால் ஊரே மேகத்துக்குள். பதினைந்துக்கு மேல் என்றால், பகோடா பாயிண்டிலிருந்து கீழே உள்ள ஊர்களை எண்ணலாம். டியூ பாயிண்ட் காட்டாத ஆப் என்றால் ஈரப்பதத்தை வைத்துக்கொள்ளுங்கள்: 32 டிகிரியில் 55% ஈரப்பதம் என்பது ஏறக்குறைய இந்த 10 டிகிரி வித்தியாசம்தான்.

இந்தக் கணக்கு முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை வரைதான் செல்லும். வெயிலில் சூடான காற்று மேலே ஏறிக் கலந்தால்தான் அடிவாரத்து ஈரமும் மலையின் ஈரமும் ஒன்றாகும். அதிகாலையில் கணக்குப் போட்டால் தலைகீழாகப் போகும். தை மாதத்தில் சேலத்துப் பக்கம் வெண்மூட்டத்தில் கிடக்க, மேலே பளீரென்று வெயில் அடிக்கும் காலைகள் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். மலையூருக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஏரியை ஒட்டிய தாழ்வான இடங்கள், தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் மேட்டு வீடுகளைவிடக் குளிரும். வீடோ நிலமோ பார்க்கும்போது தரகர் நண்பகலில்தான் கூட்டிப்போவார். நீங்கள் மார்கழி விடியலில் ஒரு தடவை தனியாகப் போய்ப் பாருங்கள்.

தெர்மாமீட்டர் வைக்கும் இடம்

பெரும்பாலான வீட்டு அளவீடுகள் கெடுவது கருவியால் அல்ல, இடத்தால். தகரக் கூரைக்கு அடியிலும் வெயில் பட்ட சுவரிலும் மாட்டினால் அது கூரையின் சூட்டையும் சுவரின் சூட்டையும்தான் சொல்லும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், நாள் முழுக்க நிழல், நாலாபுறமும் காற்றோட்டம் இருக்க வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளில் நடுவே துளையிட்டு, இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் கோத்தால் நல்ல கூண்டு கிடைக்கும். மேல்தட்டில் மட்டும் துளையை அடைத்துவிடுங்கள். கருவி சரியா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் முனையை வையுங்கள்; பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிநீரில் வைத்துச் சோதிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கருவியில் குறையில்லை.

மழைமானி

இது ஒன்றைச் செய்து வைத்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்லலாம். வாயின் உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனல் கிடைத்தால் கணக்கு லேசு. அதன் பரப்பு 100 சதுர செ.மீ.; சேர்ந்த தண்ணீர் 10 மில்லி என்றால் 1 மி.மீ. மழை. வேறு அளவுப் புனல் என்றால், சேர்ந்த மில்லியைப் பத்தால் பெருக்கி வாய்ப்பரப்பால் வகுங்கள். கீழே இரண்டு லிட்டர் பாட்டில். 100 சதுர செ.மீ. வாய்க்கு அது 200 மி.மீ. வரை தாங்கும். புயல் நாட்களுக்கு அந்தக் கொள்ளளவு வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் வைத்தவர்களுக்கு, அளக்க வேண்டிய அந்த ஒரு நாளில்தான் நிரம்பி வழியும். அளப்பதற்கு இருமல் மருந்தோடு வரும் சிறு மூடியும் சிரிஞ்சும் போதும். பாட்டிலை ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் நிறுத்தி, முளையடித்துக் கம்பியால் கட்டுங்கள். கட்டாவிட்டால் குரங்கு எடுத்துப் போய்விடும்.

புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்தால் மண் தெறிக்கும். ரொம்ப உயர்த்தினால் காற்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தோட்ட வீடுகளில் இதுதான் சிரமம், சுற்றிலும் சில்வர் ஓக். அந்த மரத்தின் இலைகள் மூடுபனியைச் சீப்புபோல வாரிச் சொட்டவிடும். மழையே பெய்யாத காலையில் மரத்தடிப் பாட்டிலில் தண்ணீர் நிற்கும். அது பொய்யல்ல, காப்பிச் செடிக்கு அது நிஜமான தண்ணீர். ஆனால் மழைக்கணக்கில் சேர்க்கக் கூடாது. முடிந்தால் மரத்தடியில் இரண்டாவது பாட்டில் ஒன்று வைத்துத் தனிப் பத்தியில் எழுதுங்கள். வெட்டவெளிப் பாட்டில் காலியாக இருக்க, மரத்தடிப் பாட்டில் அடிக்கடி நனைகிறதென்றால் மேகம் வீட்டு உயரத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாளும் 8.30-க்குத்தான் முடிகிறது, நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை பெய்தது இன்றைய தேதியில் எழுதப்படும். வேறு நேரத்தில் அளந்துவிட்டு, செய்தியில் வந்த அளவோடு பொருந்தவில்லை என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். 2.5 மி.மீ. எட்டினால்தான் அது மழைநாள். 64.5-க்கு மேல் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை. மொத்தத்தோடு எப்போது தொடங்கி எப்போது விட்டது என்பதையும் குறியுங்கள். 50 மி.மீ. நாள் முழுக்கத் தூறினால் மண் குடித்துக்கொள்ளும். அதுவே ஒரு மணி நேரத்தில் கொட்டினால் வாசல் மண்ணை அள்ளிக்கொண்டு சரிவில் இறங்கும்.

மாதங்கள் எப்படிப் போகும்

மாசி, பங்குனிதான் வறட்சி. ஈரமானி வருடத்திலேயே கீழே நிற்கும், காட்டுத்தீ பயமும் அப்போதுதான். மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது விடியலுக்குச் சரி. பத்து மணிக்குப் பின் மலை காய்ந்துவிடும்.

பங்குனி கடைசியிலும் சித்திரையிலும் பிற்பகல் இடிமழை வரும். தோட்டக்காரர்கள் பூ மழை என்று காத்திருப்பது இதைத்தான். ஏறக்குறைய ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ., ஒரே மூச்சில் கிடைத்தால் எட்டு, பத்து நாளில் காப்பி வெள்ளையாகப் பூத்து, மல்லிகை வாசம் தெருவரை வரும். ஐந்தாறு மில்லிமீட்டர் மட்டும் பெய்து நின்றால் மொட்டு பாதி விரிந்து கருகும். மழைமானி வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த வாரம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போன் வரும்.

ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். மூங்கில் முனையில் ஒரு நாடா கட்டினால் போதும், திசை தெரிந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலான ஈரத்தை வாங்கிக்கொள்வதால் இங்கே வருவது மிச்சம்தான்: சாரல், மேகம், ஈரக்காற்று. மழைமானியில் சொற்பம், ஈரமானியில் உச்சம். புதிதாக வந்தவர்கள் ‘மழையே இல்லையே’ என்று துணியை வெளியே விட்டுவிடுவது இந்த மாதங்களில்தான். ஆவணி, புரட்டாசியில் ஆட்டம் மாறும். காலை தெளிவாக இருக்கும். நண்பகலில் மேகம் கோபுரமாக எழும்பி மாலையில் இடியோடு கொட்டும். அந்தி மழை அழுதாலும் விடாது என்பார்கள். இறங்கவேண்டிய வேலை இருந்தால் இரண்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் இடி வந்தால் வீட்டுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே வேண்டாம். தோட்டத்திலேயே உயரமான சில்வர் ஓக் அடியில் ஒதுங்குவது மிக மோசமான யோசனை.

ஐப்பசி நடுவில் நாடா வடகிழக்கிலிருந்து பறக்க ஆரம்பிக்கும். மழையும் மாலைப்பழக்கத்தை விட்டுவிட்டு இரவு, விடியல் என்று எந்நேரமும் பெய்யும். இந்த நேரமாற்றத்தைத்தான் பருவம் மாறியதற்கு முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும், அளவை அல்ல. கார்த்திகை முழுக்க வங்கக்கடலைப் பார்த்தே இருக்க வேண்டியிருக்கும். மார்கழியில் மழை விலக, குறைந்த வெப்பநிலை 12, 13-க்கு இறங்கும். இரவு அரைத்த இட்லிமாவு காலையில் பொங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வெயில் எந்தப் பக்கம் வரும் என்பதையும் இத்தோடு பார்த்துவிடுங்கள். நண்பகல் சூரியன் சுமார் ஏப்ரல் 21-லும் ஆகஸ்டு 22-லும் தலைக்கு நேரே நிற்கும். அந்த நாலு மாத இடைவெளியில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. டிசம்பர் 21 அன்று ஒரு மீட்டர்க் குச்சியின் நிழல் வடக்கே 70 செ.மீ. நீளும். வடக்குச் சுவரில் ஐப்பசியில் நனைந்த ஈரம் பங்குனி வரை காயாமல் நிற்பது இதனால்தான். துணிக்கொடியும் படுக்கையறையும் தெற்குப் பக்கம் இருந்தால் நல்லது.

புயலுக்கு முன்னால்

போனிலுள்ள அழுத்தமானி இங்கே 850 ஹெக்டோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். ஆப்பில் வரும் 1,010 கடல்மட்டத்துக்குத் திருத்திய எண். இரண்டையும் ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். நம் பகுதியில் அழுத்தம் தினமும் காலை பத்து மணியளவில் ஏறி, மாலை நாலு மணியளவில் சுமார் மூன்று புள்ளி இறங்கும். இரவிலும் அதேபோல் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. மாலை இறக்கத்தைப் பார்த்து மழை வருகிறது என்று தினமும் சொல்பவர் அவ்வப்போது ஜெயித்தும்விடுவார். அதில் அர்த்தமில்லை. நேற்று இதே மணிக்கு இருந்ததோடு மட்டும் ஒப்பிடுங்கள். மூன்றுக்கு மேல் குறைந்து, அடுத்த நாளும் குறைந்தால் கவனிக்க வேண்டியதுதான்.

அதோடு நிலாவைப் பாருங்கள். எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை என்பதில் விஷயம் இருக்கிறது. கையை நேராக நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய 20 டிகிரி. நிலாவிலிருந்து அந்த அளவு தள்ளி வட்டம் இருந்தால், அது உயரத்தில் பரவிய பனிப்படிக மேகத்தில் விழுவது. கடலில் தாழ்வுநிலை நெருங்கும்போது முன்னால் வரும் மேகம் அது. நிலாவை ஒட்டிய சிறு வட்டம் தாழ்ந்த நீர்த்துளி மேகத்தால் வருவது. அதற்கும் நாளைய மழைக்கும் சம்பந்தம் குறைவு.

எட்ட வட்டம், வடகிழக்குக் காற்று, இரண்டு நாளாக இறங்கும் அழுத்தம் மூன்றும் கார்த்திகையில் சேர்ந்தால், வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கைக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்குங்கள். கூரைத் தண்ணீர் போகும் வாய்க்காலில் இலை வாருங்கள். கேஸ், மருந்து, பால்பவுடர் நான்கு நாளுக்கு வாங்கி வையுங்கள், பவர் பேங்கை நிரப்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மழை விட்ட மறுநாளும் சரிவு வரும், ஊறிய மண் மெதுவாகத்தான் விடும். அதனால் 24 மணி நேரத்தில் 100 மி.மீ. தாண்டினால், வானம் வெளுத்தாலும் அன்று இறங்க வேண்டாம். மறுநாள் இறங்கியே ஆகவேண்டும் என்றால் அடிவாரம் போகும் இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதை திறந்திருக்கிறதா, குப்பனூர் வழி விடுகிறார்களா என்று போலீஸ் சோதனைச் சாவடியிலோ பஸ் நிலையத்திலோ கேட்டுக்கொண்டு, விடிந்தபின் கிளம்புங்கள்.