கேழ்வரகு பாஸ்தா தண்ணில உடையாம இருக்க

கேழ்வரகு மாவுல பாஸ்தா பண்ணி கொதிக்கற தண்ணில போட்டதுமே துண்டு துண்டா உடைஞ்சு கஞ்சியா போயிட்டு இருந்துச்சு. காரணம் சிம்பிள், கோதுமைல இருக்கற க்ளூட்டன் (மாவுக்கு இழுவை குடுக்கற புரதம்) இதுல கிடையாது, எவ்ளோ பிசைஞ்சாலும் இழுவை வராது, கைவலிதான் மிச்சம். சரின்னு 200 கிராம் மாவுல கால் பங்க தனியா எடுத்து, 75 மில்லி கொதிக்கற தண்ணி விட்டு கரண்டியால நல்லா கிளறிட்டேன், சூட்டுல ஸ்டார்ச் வெந்து பசை ஆயிடும், இதான் மெயின் விஷயம். ஆறினப்புறம் (சூட்டோட முட்டைய உடைச்சு ஊத்தினா வெந்துடும்) மீதி மாவு, 1 முட்டை, 2 டேபிள்ஸ்பூன் இசப்கோல் உமி, உப்பு எல்லாம் சேத்து பிசைஞ்சு மூடி அரை மணி நேரம் விட்டா உமி தண்ணிய இழுத்து மாவு தானா இறுகிக்கும், ரொம்ப வறண்டா லேசா தண்ணி தெளிச்சுக்கலாம்.

ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வச்சு 2 மில்லிமீட்டர் கனத்துக்கு தேய்ச்சு கத்தியால அகலமா வெட்டினேன், மெஷின்ல விட்டா ஓரம் கிழியுது. ஸ்பகெட்டி ஆசை இருந்தா மறந்துடுங்க. தளதளன்னு கொதிக்க விடாம மிதமான தீயில 3 நிமிஷம், அப்புறம் அரிகரண்டியால எடுத்து நேரா சாஸ்ல போட்டுடணும், வடிகட்டில கொட்டினா உடையும்.