'நூற்றுக்கு ஒருவர்' என்று எழுதும் முன்: பாலீர்ப்பின்மை ஆய்வுகளை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏசெக்சுவாலிட்டி எனப்படும் பாலீர்ப்பின்மை (யாரிடமும் பாலியல் ஈர்ப்பு தோன்றாத நிலை) பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும், 'மக்கள்தொகையில் 1 சதவீதம்' என்ற எண் முதல் பத்தியிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அது பிரிட்டனிலிருந்து வந்தது. எய்ட்ஸ் அச்சம் பரவியிருந்த 1990-91இல், பாலியல் பழக்கங்களை அறிய 18,000க்கும் மேற்பட்டோரிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. யாரிடம் பாலியல் ஈர்ப்பு உண்டானது என்ற கேள்விக்கான விடைகளில் ஒன்று, 'யாரிடமும் ஒருபோதும் உணர்ந்ததில்லை'. 195 பேர் அதைத் தேர்ந்தார்கள். கனடாவின் உளவியலாளர் அந்தோனி போகார்ட் அந்தத் தரவைத் தோண்டி, 2004இல் 1.05 சதவீதம் என்று வெளியிட்டார்.

ஆக, அந்த 195 பேர் தம்மை 'ஏசெக்சுவல்' என்று சொன்னவர்கள் அல்லர். அப்படி யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. அழைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் பேட்டிக்கே வரவில்லை. பாலியல் அனுபவம் குறைந்தவர்கள் இத்தகைய பேட்டிகளைத் தவிர்ப்பது வழக்கம் என்பதால், உண்மை எண் கூடுதலாகவும் இருக்கலாம். ஆனால் பத்தாண்டு கழித்து அதே நாட்டில் நடந்த இரண்டாம் கணக்கெடுப்பில் கிடைத்தது சுமார் 0.4 சதவீதம்தான். வயது வரம்பும் முதலில் 16-59, பிறகு 16-44; அதனால் இரண்டையும் நேராக ஒப்பிடவும் முடியாது. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, உலகம் முழுமைக்கும் 1 சதவீதம் என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

அடுத்த தவறு நம் ஊரில் இன்னும் எளிதாக நேரும். 'ஆசையே இல்லையா, அப்போ சாமியார்தான்' என்று முடித்துவிடுவோம். பிரம்மச்சரியம் ஒருவர் எடுக்கும் முடிவு. ஈர்ப்பு இல்லாதிருப்பது யாரும் எடுத்த முடிவு அல்ல. ஆய்வாளர்களும் இதில் தடுமாறியவர்களே. 1948இல் அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி, எதிர்பால் ஈர்ப்பு முதல் தன்பால் ஈர்ப்பு வரை ஒரே கோட்டில் அளக்கும் தம் அளவுகோலுக்கு வெளியே 'எக்ஸ்' என்றொரு பிரிவு வைத்தபோது, பாலியல் தொடர்பு, பாலியல் உணர்வு இரண்டையும் சேர்த்தே பார்த்தார். 1980இல் மைக்கேல் ஸ்டார்ம்ஸ் அந்த ஒற்றைக் கோட்டை இரண்டு அச்சுகளாகப் பிரித்தார்: எதிர்பால் ஈர்ப்பு ஒன்று, தன்பால் ஈர்ப்பு மற்றொன்று. இரண்டிலும் தாழ்வாக நிற்பவர்களுக்கு அப்போதுதான் வரைபடத்திற்குள் இடம் கிடைத்தது. போகார்டின் 195 பேரில் கணிசமானோர் மணமானவர்களோ துணையோடு வாழ்ந்தவர்களோதான். காதலும் பாலீர்ப்பும் ஒன்றாகவே வர வேண்டியதில்லை.

'ஹார்மோன் டெஸ்ட் எடுங்க' என்று இதை நோயாகவே பார்த்துவிடுவது மூன்றாவது தவறு. 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5, தம்மைப் பாலீர்ப்பற்றவர் என்று அடையாளம் காண்பவருக்கு பாலியல் ஆர்வக்குறைவு நோய் என்று பெயர் சூட்டக் கூடாது என்கிறது. 2011இல் லோரி பிராட்டோவும் மோராக் யூலும் நடத்திய ஆய்வில், அத்தகைய பெண்களின் உடல், பாலியல் காட்சிகளுக்கு மற்றப் பெண்களைப் போலவே எதிர்வினை காட்டியது. ஆனால் இதை மேற்கோள் காட்டும்போது கவனம் தேவை: பங்கேற்ற 38 பெண்களில் ஏசெக்சுவல்கள் 7 பேர் மட்டுமே.

பல ஆய்வுகளுக்கு ஆள் கிடைத்த இடம், 2001இல் டேவிட் ஜே தொடங்கிய, பாலீர்ப்பற்றவர்களுக்கான ஏவென் இணையதளம். அங்கே வருபவர்கள் இந்தச் சொல்லை ஏற்கெனவே அறிந்தவர்கள். சொல்லே தெரியாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக 2015இல் யூலும் பிராட்டோவும் போரிஸ் கோர்சால்காவும் 12 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். 60க்கு 40 எல்லைக்கோடு; அதையோ அதற்கு மேலோ எடுத்தவர் பாலீர்ப்பற்றவராக இருக்கக்கூடும். இதை ரத்தப் பரிசோதனை முடிவு போல வாசிக்காதீர்கள். அந்தக் கோடு சரிதானா என்று அவர்கள் சரிபார்த்ததே, 'நான் ஏசெக்சுவல்' என்று தாமே சொன்னவர்களின் வாய்மொழியை வைத்துத்தான்.