சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு எடை தூக்க வருகிறவர்களுக்கு

போன திங்கள்கிழமை மாலை, களியக்காவிளையிலிருந்து எங்கள் மார்த்தாண்டம் ஜிம்முக்கு வரும் பையன் ஒருவன் தோளில் கம்பியோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் மூன்றாவதிலேயே கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டான். உதடு வெளுத்திருந்தது, விரல்கள் நடுங்கின. மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நான்கு முட்டை வெள்ளைக்கரு, அண்ணா. சோற்றைத் தொட்டு ஒன்பது நாள் ஆகிறது" என்றான். குரலில் பெருமை இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தூக்கக் குறைவு, சீனி போட்ட சாயா போன்றவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன். எடையைக் குறைக்கப் பார்ப்பவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் வாரத்திலேயே மாவுச்சத்தை வெட்டி எறிவது

சோறும் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கும் உடலுக்குள் சர்க்கரையாக மாறி, கிளைகோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேர்கின்றன. தசையில் ஏறக்குறைய 400 கிராம், ஈரலில் 100 கிராம். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இந்த இருப்பு கரையும். தண்ணீரும் கூடவே வெளியேறும். தராசு சட்டென்று இறங்குவது அதனால்தான்.

பையன் 3 கிலோ குறைந்ததாகச் சொன்னான். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். ஒன்பது நாளில் 3 கிலோ என்றால் தினமும் 2,500 கலோரிக்கு மேல். கிட்டத்தட்ட முழுப் பட்டினி கிடந்தாலொழிய அவனுக்கு அது நடக்காது.

பத்து வருடத்துக்கு முன்னால் நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அம்மா மரச்சீனி அவித்து மீன்குழம்பு வைத்தால், மீனை மட்டும் எடுத்துக்கொண்டு கிழங்கை ஒதுக்கினேன். 100 கிலோவில் ஐந்து ஸ்குவாட் போட்டுக்கொண்டிருந்தவன், ஆறாவது வாரம் 80 கிலோவில் மூன்றோடு நின்றேன். சக்தி இல்லாததால் கம்பியில் எடையைக் குறைத்தேன். அந்த எடை குறைந்ததால் தசைக்கு வேலை குறைந்தது. இடுப்பில் ஒரு அங்குலம் போயிருந்தது, தொடையில் ஒன்றரை. ஓணத்துக்குப் பாறசாலையில் அத்தை வீட்டில் இலைபோட்டுச் சாப்பிட்டதும் இரண்டு நாளில் 2 கிலோ ஏறியது. திரும்பி வந்தது தண்ணீர்தான். கொழுப்பு என்று பயந்து மறுபடி பட்டினி கிடந்தேன். இழந்த பலத்தை மீட்க ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எடை இறங்க வேண்டுமானால் சாப்பாடு குறையத்தான் வேண்டும். பயிற்சிக்கு முந்திய வேளையில் மட்டும் கை வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு துண்டு மரச்சீனியும் மீனும். நேரமில்லை என்றால் ஒரு ஏத்தன் (நேந்திரம்) பழம். 75 கிலோ ஆளுக்கு நான் பயிற்சி நாளில் 225 கிராம் மாவுச்சத்தும் ஓய்வு நாளில் 150 கிராமும் வைக்கிறேன். 100 கிராம் வெந்த சோற்றில் 28 கிராம் இருக்கும் என்று வைத்து அளந்துகொள்ளலாம். வெட்டுவதை ஓய்வு நாளின் இரவுச் சாப்பாட்டில் வெட்டுங்கள். புரதம் எந்த நாளிலும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்குக் கீழே போகக் கூடாது.

மரச்சீனியைக் காய்கறியாக நினைப்பது

அதுவும் மாவுச்சத்துதான். கிழங்கு தின்றால் அந்த வேளை சோறு வேண்டாம்.

எண்ணெயைக் கணக்கில் சேர்க்க மறப்பது

ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 120 கலோரி. 100 கிராம் சோற்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் சாப்பிடப் பதறுவது

வேண்டாம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிடலாம்.

நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொண்டே தாமாகச் சோற்றைக் குறைப்பது

கூடாது. இன்சுலினும் சில மாத்திரைகளும் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். முதலில் மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். தோளில் கம்பியோடு மயங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தராசை மட்டும் நம்புவது

வியாழக்கிழமை அந்தப் பையன் மரச்சீனியும் சாளைக் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தான். திங்களன்று மூன்றில் நின்ற அதே 60 கிலோவை எட்டு முறை செய்தான். பிறகு தராசில் ஏறினான். 800 கிராம் கூடியிருந்தது. முகம் வாடிவிட்டது. இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றிக் காட்டினேன். திங்கள்கிழமை குறித்து வைத்த அளவிலிருந்து ஒரு நூல்கூட மாறவில்லை.