கேரவன் காலையில் ஒரு பக்கம் இறங்கி நிற்கிறதா? பலூனை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது ஒரு பழைய ஏர் சஸ்பென்ஷன் பஸ், அதாவது காற்று அடைத்த ரப்பர் பைகள் பாடியைத் தாங்கும் வண்டி; அந்தப் பைகளைத்தான் பலூன் என்கிறோம். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினோம். போன குளிர்காலம் முழுக்க, ராத்திரி நேராக நிறுத்தினால் காலையில் பின்பக்க இடது மூலை நாலு விரல் இறங்கியிருக்கும். பலூன் போய்விட்டது என்றார் வண்டியைப் பார்த்த மெக்கானிக். நம்பி இரண்டு பலூனும் மாற்றினேன். மறுநாள் காலையிலும் அதே மூலை, அதே நாலு விரல்.

காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கம்ப்ரசர் அடைக்கும் காற்றை டிரையர் ஈரம் நீக்கி டேங்குக்கு அனுப்புகிறது. பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம் ஏறிய பிறகுதான் சஸ்பென்ஷனுக்குக் காற்று திறக்கும். அங்கே காவல்காரன் லெவலிங் வால்வு. சேஸில் உட்கார்ந்திருக்கும், அதன் கையிலிருந்து ஒரு சின்னக் கம்பி ஆக்சிலுக்குப் போகும். வண்டி இறங்கினால் பலூனுக்குள் காற்றை விடும், ஏறினால் வெளியே விடும், அவ்வளவுதான். பல வண்டிகளில் இந்த வால்வு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் முன்பக்கம் சாய்ந்து தெரிந்தாலும் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள், முன்னால் இரண்டு பலூனுக்கும் ஒரே காற்று என்பதால் சாய்வைப் பிடித்து நிறுத்துவது பின் வால்வுகள்தான்.

கீழே நுழையும் முன் சேஸுக்கு அடியில் நல்ல ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, பலூன் காற்றை நம்பியோ ஒரு நிமிஷம்கூடத் தலையை உள்ளே விடாதீர்கள். பலூன் காலியானால் மொத்த பாடியும் ஒரே இறக்கமாக இறங்கும். இந்த ஒன்றில் மட்டும் அவசரமே வேண்டாம்.

முதல் வேலை, டேங்கின் அடியிலுள்ள டிரெயின் காக், அதாவது தண்ணீர் வடிக்கும் திருகைத் திறப்பது. எங்கள் டேங்கிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் வந்தது, துரு நிறத்தில். குளிர்ந்த ஊரில் டேங்குக்குள் ஈரம் இப்படித் தங்கிவிடும், அந்தத் துருதான் வால்வுக்குள் போய் உட்காரும். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் கம்ப்ரசரைப் பாருங்கள். தண்ணீரே நிறைய வந்தால் டிரையர் கார்ட்ரிட்ஜை மாற்றிவிட்டே அடுத்த வேலை.

அப்புறம் அளவு. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓட்டிக் காற்று நிரப்பி அணைத்துவிட்டு, வீல் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு மூலையும் டேப் பிடித்து எழுதிவையுங்கள். கோத்தகிரியில் சமதளம் தேடுவதே பெரிய வேலை, நான் வீட்டு வாசல் சரிவிலேயே அளந்து இரண்டு நாள் வீணாக்கினேன். இன்னொன்று, ஜனவரியில் மாலை 25 டிகிரியில் நிறுத்தி விடியற்காலை 5 டிகிரிக்கு வந்தால், ஒழுக்கே இல்லாமல் குளிரிலேயே 7 பார் அழுத்தத்தில் அரை பார் குறையும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். பலூனுக்கும் லெவலிங் வால்வுக்கும் நடுவே உள்ள நைலான் குழாயில், அந்த அழுத்தம் தாங்கும் ஒரு அடைப்புக் காக், அதாவது காற்றைத் திறந்து மூடும் திருகு ஒன்றை வையுங்கள். குழாயை டியூப் கட்டரால் நேராக வெட்டுங்கள், ஹேக்சா பிளேடு வேண்டவே வேண்டாம், பிசிறு நின்றால் அந்த இடமே புது ஒழுக்கு. மரையில் டெஃப்லான் டேப் சுற்றவும் மாட்டேன், அதன் துணுக்கு வால்வுக்குள் போகும், திரவ சீலன்ட்தான் என் கட்சி. காற்று நிரப்பி, அந்தக் காக் திருகை மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மூலை இறங்கியிருந்தால் ஒழுக்கு பலூன் பக்கம். அப்படியே நின்றால் பலூன் நல்ல பலூன், குற்றம் வால்வு பக்கம். எங்கள் வண்டி ஒரு விரல்கூட இறங்கவில்லை. அந்த ஒரு ராத்திரியை முன்பே செலவழித்திருந்தால் இரண்டு பலூன் காசு மிச்சம். சோதனை முடிந்ததும் காக்கைத் திறந்து கம்பியால் கட்டிவிடுங்கள், மூடியபடி ஓட்டவே கூடாது. பிரேக் குழாயில் இந்த வேலை கிடையவே கிடையாது.

வால்வு பக்கம் என்று தெரிந்தால், ஆக்சிலுக்குப் போகும் அந்தச் சின்னக் கம்பியைக் கழற்றி வால்வின் கையை நடுவில் நிறுத்தி, காற்று வெளியேறும் துளையில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஷாம்பு பாக்கெட் ஒன்று, பழைய பிரஷ் ஒன்று போதும். எங்களுடையதில் கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதி, பட்டாணி அளவு வந்து உடைந்தது, மறுபடி அடுத்தது. வால்வை மாற்றினேன். அந்தக் கம்பியின் முனை ரப்பர் புஷ்ஷையும் விரலால் ஆட்டிப் பாருங்கள், எங்களுடையது பழைய அழிரப்பர் போல உதிர்ந்து வந்தது. புஷ் ஆடினால் வால்வு புதிதானாலும் உயரம் நிலைக்காது.

பின்னர் சேர்த்தது: கொடைக்கானலிலிருந்து ஒரு நண்பர், காக்கை மூடினால் வண்டி நிற்கிறது, திறந்தால் இறங்குகிறது, ஆனால் வெளித்துளையில் குமிழியே இல்லை என்று எழுதியிருந்தார். அது வால்வின் உள்வழியிலுள்ள ஒருவழித் தடுப்பு போனது, பலூன் காற்று காலியாகும் டேங்குக்கே திரும்பிப் போகிறது. ஸ்டாண்ட் வைத்து, டேங்கைக் காலி செய்து, டேங்கிலிருந்து வரும் குழாயை வால்வில் கழற்றி அந்த வாயில் சோப்பு தடவச் சொன்னேன். குமிழி அங்கேதான் வந்தது.

இன்னொன்றும் கேட்டார்கள், மலைமேல் காற்று நிரம்ப நேரமாகிறதே என்று. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான், கம்ப்ரசர் அதிக நேரம் ஓடத்தான் செய்யும். ஆனால் பர்லியாறு இறக்கத்தில் பிரேக் மிதிக்க மிதிக்கக் காற்றழுத்த மீட்டரின் முள் இறங்கி எச்சரிக்கை பஸ்ஸர் அடித்தால் அது மலையின் குணம் இல்லை. அங்கேயே ஓரம் கட்டி வீலுக்குக் கட்டை வையுங்கள், சரி செய்யாமல் கல்லாறு வரை இறக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.