டிவிடியிலிருந்து 4கே புளூ-ரேக்கு: வாங்குவதும் இணைப்பதும்

டிவிடி பிளேயரை மாற்றுவதென்று முடிவெடுத்துவிட்டால் சாதாரண புளூ-ரேயோடு நிற்காதீர்கள். 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே பிளேயராகவே வாங்குங்கள். 4கே டிஸ்க், புளூ-ரே, டிவிடி மூன்றும் அதில் ஓடும். விசிடி எல்லா மாடலிலும் ஓடாது. வீட்டில் விசிடி குவிந்திருந்தால் மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிளேயர் வரவழைப்பவர்கள் ரீஜனை, அதாவது எந்தப் பகுதியின் டிஸ்க் எந்த பிளேயரில் ஓடும் என்ற குறியீட்டைக் கவனிக்க வேண்டும். 4கே டிஸ்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது. மற்ற இரண்டுக்கும் உண்டு. இந்தியாவுக்கு டிவிடி 5, புளூ-ரே சி. அமெரிக்காவுக்கு 1, ஏ. அங்கே விற்கும் பிளேயர் பல, நம் ஊர் 'பால்' (PAL) டிவி முறையில் பதிந்த டிவிடியை ஓட்டவே மறுக்கும். பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகாதீர்கள். பவர் சப்ளை கருகிவிடும்.

பெரும்பாலான தலைவலி இணைப்பில்தான் வரும். புது பிளேயர்கள் பலவற்றில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் செருக இடமே இருக்காது. படத்துக்கு எச்டிஎம்ஐ மட்டும்தான். டிவியில் எச்டிசிபி 2.2 (4கே படத்துக்கான நகல் தடுப்பு முறை) உள்ள போர்ட்டில் செருகுங்கள். அது இல்லாத போர்ட்டில் செருகினால் 4கே டிஸ்க் 1080 (சாதாரண புளூ-ரே) தரத்துக்கு இறங்கிவிடும், அல்லது படமே வராது. கேபிள் நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' வகை, 2 மீட்டர் போதும். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ, இடையிடையே திரை கறுத்துத் திரும்பினாலோ முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

4கே வருகிறது, எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் படம்) வரவில்லை என்றால் டிவி செட்டிங்கில் அந்த போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்'. சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட்' என்பதை 'என்ஹான்ஸ்டு' ஆக்குங்கள். பலரும் இதைச் செய்யாமல் "பெரிய வித்தியாசம் தெரியவில்லையே" என்கிறார்கள்.

பழைய ஆம்ப்ளிஃபயர் 4கே தாங்காது என்பதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டாம். சோனி யூபிபி-எக்ஸ்700, பானசோனிக் டிபி-யூபி820 இரண்டிலும் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் உண்டு. ஒன்று டிவிக்கு, இன்னொன்று ஒலிக்காக ஆம்ப்ளிஃபயருக்கு.

பிளேயர் மெனுவில் 24பி அவுட்புட்டை (சினிமாவைப் போல நொடிக்கு 24 பிரேம் அனுப்புவது) 'ஆட்டோ'வில் வையுங்கள். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் வரும் உதறல் குறையும். ஒலியை 'பிட்ஸ்ட்ரீம்' (பிளேயர் பிரிக்காமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது) ஆக்கி, 'பிடி ஆடியோ மிக்ஸ்' அல்லது 'செகண்டரி ஆடியோ' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் வராது. எக்ஸ்700-இல் எச்டிஆரின் இன்னொரு வகையான டால்பி விஷனை நாமே போட்டு, நாமே அணைக்க வேண்டும். போட்டபடி விட்டால் சாதாரண எச்டிஆர் வகையான எச்டிஆர்10 டிஸ்கையும் டால்பி விஷனாக மாற்றி அனுப்பும், நிறம் பிசகும்.

புது டிஸ்க் ஏறவே மறுத்தால் பிளேயரை இணையத்தில் இணைத்து ஃபர்ம்வேரை (பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளை) அப்டேட் செய்யுங்கள். படம் பாதியில் உறைந்தால், அதுவும் 100 ஜிபி டிஸ்கில், பிளேயரைக் குறை சொல்லுமுன் டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், புளூ-ரேயில் 0.1 தான். டிவிடியைப் பாதிக்காத விரல் ரேகை இங்கே படத்தை நிறுத்திவிடும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.