எரர் காசு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

எரர் காசுன்னா நாணயச்சாலையில (மின்ட்) தயாரிக்கும்போதே தப்பா வந்த காசு. பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்கு காலையில போனா யாராவது ஒருத்தர் "இது எரர் காசு, ரேர் பீஸ்"னு நீட்டுவாங்க, நானும் அப்படி இருபது வெள்ளி (ரிங்கிட்) குடுத்து ஏமாந்தவன்தான், அதனால இப்பல்லாம் பத்து மடங்கு லென்ஸ் இல்லாம போறதில்ல.

எழுத்து ரெட்டையா தெரிஞ்சா உடனே குதிக்காதீங்க. ரெண்டாவது கோடு படிக்கட்டு மாதிரி தட்டையா இருந்து, எழுத்தையே மெலிசாக்கியிருந்தா அது அடிக்கும்போது அச்சு ஆடுனதால வந்தது, பெருசா வில போகாது. ரெண்டும் உருண்டையா எழும்பி, எழுத்து முனை பிளந்த மாதிரி இருந்தாத்தான் டபுள் டை, அதாவது அச்சுலயே எழுத்து ரெட்டையா பதிஞ்சது.

ஓரம் கடிச்ச மாதிரி இருக்கற காசா? கடிச்ச இடத்துக்கு நேர் எதிர் விளிம்ப பாருங்க, நெஜ மின்ட் எரர்ல அந்த இடம் பெரும்பாலும் மழுங்கியிருக்கும், வீட்டுல வெட்டுனதுல அது வராது.

கிரேடு, அதாவது காசோட நிலைக்கு குடுக்கற மார்க், 1லேர்ந்து 70 வரைக்கும், 60லேர்ந்து மேல போனா புழங்காத காசு. ஆனா புளி போட்டு பளபளன்னு தேச்சீங்கன்னா போச்சு, எவ்ளோ நல்ல எரரா இருந்தாலும் வில பாதாளத்துக்கு போயிரும் லா.