கனடாக் கோடைக்குப் பிள்ளைகளோடு பெட்டி கட்டுவது எப்படி?

ஆகஸ்டில் கனடாச் சொந்தங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கே வந்திறங்க, நாங்கள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வெளிக்கிட்டோம். விசா, டிக்கெட் பற்றி எழுதப் போவதில்லை. இது பெட்டி கட்டுவதற்கு மட்டும்.

1. முதலில் தராசு. பெட்டியின் கைப்பிடியில் கொழுவித் தூக்கும் சிறிய மின்தராசு போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் நிறுக்கும் தராசில் ஏறி, பிறகு தன் நிறையைக் கழிக்கிற வித்தையில் எனக்கு நம்பிக்கையில்லை. பெட்டிக்கு 23 கிலோ என்றால் வீட்டில் 22இல் நிறுத்துங்கள்.

2. பிள்ளைகளின் உடுப்பு முதலில், ஊர்ச் சாமான் பிறகு. நம் வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கும். "ஒரு சின்னப் பார்சல்தான்" என்று மாமியும் சித்தியும் கொண்டுவரும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் இடத்தைப் பிடித்த பிறகு, பிள்ளையின் சப்பாத்துக்கு இடமிருக்காது. ஒவ்வொரு பிள்ளையின் உடுப்பையும் இரண்டு பெட்டிகளிலும் பிரித்து வையுங்கள். ஒரு பெட்டி பிந்தி வந்தாலும் சமாளிக்கலாம். பகல் வெயில் நம் ஊரைப் போலவே அடிக்கும், மாலையில் குளிரும். ஆளுக்கு ஒரு சுவெற்றர், ஒரு தொப்பி. தடித்த ஜக்கெற் வேண்டாம்.

3. கறித்தூள். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். விமானம் மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைய, பையில் அடைபட்ட காற்று விரியும். பை பலூனாக உப்பி, ஒட்டிய விளிம்பு விட்டுவிடும். பிள்ளையின் உள்ளாடையில் தூள் படிந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

தூளை நன்றாக ஆறவிடுங்கள். தடித்த பையில் முக்கால்வாசி நிரப்பி, தட்டையாகப் படுக்க வைத்து, அடியிலிருந்து வாய்ப்பக்கமாக உள்ளங்கையால் காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள். மெழுகுதிரிச் சுடரில் ஒட்டுவதை விட அழுத்தி மூடும் சிப் பைதான் நல்லது. சுடர் பட்ட விளிம்பு மடிப்பில் வெடிக்கும். முதல் பையின் வாய் கீழே இருக்கும்படி இரண்டாவது பைக்குள் இறக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். எண்ணெயும் ஊறுகாயும் என் பெட்டியில் ஏறா, யார் தந்தாலும்.

உணவுச் சாமான் முழுவதும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். கனடாவில் இறங்கியதும் உணவு கொண்டுவந்தீர்களா என்று கேட்பார்கள்; "ஆம்" என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால் அபராதம் வரலாம். திறந்து காட்டச் சொன்னாலும் ஒரு பெட்டியோடு முடியும். இறைச்சி வேண்டவே வேண்டாம்.

4. வான் வண்டிக்கான பை. பயணம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு முழுக்க வான் வண்டியில் போகும்போது பிள்ளை சத்தி எடுத்தால் விமானத்துக்கான கைப்பையைக் கிளறக்கூடாது. பழைய துவாய், சொப்பிங் பைகள், மாற்றுடுப்பு, தண்ணீர் எல்லாம் தனிப் பையில். விமான நிலையத்தில் இறங்கியதும் அது வானோடு ஊருக்குத் திரும்பிவிடும்.

5. கைப்பை. பிள்ளைக்கு ஒரு மாற்றுடுப்பு, தாய்க்கும் ஒரு மேலாடை. இடையில் மாறும் விமான நிலையத்தில் ஏசி குளிர் நடுக்கும். சுவெற்றர் இங்கேதான் முதலில் தேவைப்படும். திரவங்கள் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தல்களில். பிள்ளையின் மருந்துப் பாணிக்கும் பாலுக்கும் விலக்கு உண்டு. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டுங்கள். தாயோ தந்தையோ தனியே கூட்டிப் போவதானால், மற்றவரின் சம்மதக் கடிதம் கடவுச்சீட்டுகளோடு இருக்கட்டும்.

பின்சேர்க்கை: பவர் பாங்கைப் பெட்டியில் போடலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கூடாது, கைப்பையில் மட்டும். பொதுவான எல்லை 100 வாட் மணி (Wh). 20,000 மில்லி ஆம்பியர் மணி (mAh) என்று போட்டிருப்பது சுமார் 74 வாட் மணிதான். இன்னொருவர் பால் சூடாக்கும் கேத்தல் பற்றிக் கேட்டார். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. போன் சார்ஜருக்குத் தட்டைக் கால் அடப்டர் போதும். கேத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.